முக்கால் இன்ச்சா, ஒரு இன்ச்சா? டேங்கிலிருந்து கடைமடை வரை

மன்னார்குடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. தரைத்தளமும் ஒரு மாடியும். மேலே ஒரு குளியலறை. கீழே ஒரு குளியலறை, சமையலறை, கொல்லையில் துவைக்கிற இடம். பிளம்பர், "எல்லாத்துக்கும் முக்கால் இன்ச் போதும், ரூமுக்குள்ள அரை இன்ச் இறக்கிடலாம்" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான், "ஒரு இன்ச்சுக்குக் குறைச்சுப் போடாதே, அப்புறம் வருத்தப்படுவே" என்று போனில் சொல்கிறார். சோலார் ஹீட்டர் வைக்கும் எண்ணம் உண்டு, இல்லாவிட்டால் கீசர். பச்சைத்தண்ணீர் லைனுக்கும் வெந்நீர் லைனுக்கும் ஒரே அளவுதானா?

மச்சான் சொல்வது மாடியின் பச்சைத்தண்ணீருக்குச் சரி, வெந்நீருக்குத் தப்பு. பிளம்பர் சொல்வது கீழ்த்தளத்துக்குச் சரி, மாடியின் பச்சைத்தண்ணீருக்குத் தப்பு. ஏன் என்று புரிந்துகொண்டால் இருவரோடும் நீங்களே பேசி முடித்துவிடலாம். கும்பகோணம் வட்டாரத்தில் வீட்டு வேலை எடுத்துச் செய்து, செய்த தப்பை உடைத்துத் திரும்பக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். மோட்டார் டேங்கை நிரப்பிவிட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு குழாயில் தண்ணீரைத் தள்ளுவது டேங்கின் உயரம் மட்டும்தான். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம், அதாவது கிட்டத்தட்ட 1 பார். வெளிநாட்டு அட்டவணைகள் பெரும்பாலும் தெருக்குழாயிலேயே 3 பார், 4 பார் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டவை. அதைப் பார்த்துவிட்டு இங்கே அரை இன்ச் போட்டால் ஷவரில் தண்ணீர் சொட்டும், பீய்ச்சாது.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடியில் 3 அடி தூண் கட்டி அதன்மேல் டேங்க் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். மாடித் தளத்தின் தரையிலிருந்து கூரை 10 அடி, கான்கிரீட் கனம் அரை அடி, தூண் 3 அடி. ஆக டேங்கின் அடிப்பகுதி மாடித் தரையிலிருந்து பதின்மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. ஷவர் வாய் 7 அடியில். மிச்சம் ஆறரை அடி, 2 மீட்டர். மாடி ஷவருக்கு உங்கள் கையிருப்பு அவ்வளவுதான், 0.2 பார். கீழ்த்தளத்து ஷவருக்கு இன்னும் ஒரு தளத்து உயரம் சேர்கிறது: 17 அடி, 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கீழே இடுப்புக்குக் கீழ் இருக்கிற பக்கெட் குழாய்க்கு 21 அடிக்கு மேல்.

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். டேங்குக்குப் பக்கத்தில் இருப்பது மாடிதானே, அதற்கு மெல்லிய குழாய் போதும், தூரத்தில் இருக்கிற கீழ்த்தளத்துக்குத்தான் தடித்த குழாய் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வாய்க்கால் கணக்கு அப்படித்தான். ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தாலும், கல்லணையைத் தாண்டி ஆறு, கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் ஆடி வந்துவிடுகிறது. தூரமாக இருப்பவன்தான் கடைமடைக்காரன். வீட்டுக்குள் கதை வேறு. இங்கே கடைமடை என்பது டேங்குக்கு மிக அருகே, மிக உயரத்தில் இருக்கிற மாடி ஷவர். அதற்குத்தான் உயரம் குறைவு. அதற்குப் போகிற லைனைத்தான் தடிமனாகப் போட வேண்டும்.

இப்போது செலவுப் பக்கம். குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர் சுவரில் உரசி, கையிருப்பு உயரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும். எவ்வளவு தின்னும் என்பதற்கு ஹேசன், வில்லியம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் நூறாண்டுக்கு முன்பே சூத்திரம் போட்டுவிட்டார்கள். இன்றும் அதுதான் ஓடுகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் இரண்டு நிமிடத்தில் நிரம்புகிற ஓட்டம் என்று வைத்து, வெந்நீருக்குப் போடுகிற அந்த வெளிர்மஞ்சள் சிபிவிசி குழாய்க்குக் கணக்குப் பார்த்தால், அரை இன்ச் குழாய் ஒவ்வொரு மீட்டருக்கும் 19 சென்டிமீட்டர் உயரத்தைத் தின்கிறது. முக்கால் இன்ச் 3 சென்டிமீட்டர். ஒரு இன்ச் 1 சென்டிமீட்டருக்கும் கீழே.

அந்த மூன்று எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். அரையிலிருந்து முக்காலுக்குப் போனால் நஷ்டம் ஆறில் ஒன்றாகிறது. முக்காலிலிருந்து ஒன்றுக்குப் போனால் மூன்றில் ஒன்றுக்கும் கீழே. குழாயின் உள்விட்டம் கொஞ்சம் கூடினாலும் உரசல் பல மடங்கு குறைவதுதான் காரணம். இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது: இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்து ஓட்டம் இரட்டிப்பானால் நஷ்டம் இரட்டிப்பாகாது, மூன்றரை மடங்குக்கு மேல் போகும்.

உங்கள் மாடிக் குளியலறைக்கு டேங்கிலிருந்து இறங்கி, மொட்டைமாடியில் ஓடி, சுவரில் இறங்கி வர ஏறக்குறைய 12 மீட்டர் குழாய் வரும். குழாயை மடக்குகிற எல்போ ஒவ்வொன்றும் அரை மீட்டர் குழாய்க்குச் சமம், கிளை பிரிக்கிற மூவழி இணைப்பான டீயில் திரும்பினால் ஒரு மீட்டர். எல்லாம் சேர்த்து 18 மீட்டர் என்று வையுங்கள். ஒருவர் ஷவரில் நிற்க, அதே லைனில் பக்கெட்டும் நிரம்புகிறது, மொத்தம் நிமிடத்துக்கு 20 லிட்டர். முக்கால் இன்ச் போட்டிருந்தால் வழியிலேயே 1.9 மீட்டர் போய்விடும். கையிருப்பே 2 மீட்டர்தான். ஷவருக்கு என்ன மிஞ்சும்? ஒரு இன்ச் போட்டால் செலவு 60 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மச்சான் இதைக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் இந்த இடத்தில் அவர் சொன்னதுதான் சரி.

கீழ்த்தளத்துக்கு அதே கணக்கைப் போட்டால் லைன் இன்னும் நீளம், எல்போவெல்லாம் சேர்த்து 32 மீட்டர். முக்கால் இன்ச்சில் இரண்டு குழாய் ஓடினால் செலவு மூன்றரை மீட்டருக்குள். கையிருப்பு 5 மீட்டருக்கு மேல் இருப்பதால் சமாளித்துவிடும். பிளம்பர் சொன்ன முக்கால் இன்ச் இங்கே தாராளம்.

ஒரே நேரத்தில் எத்தனை குழாய் திறந்திருக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ராய் ஹன்டர் என்பவர் 1940ல் அமெரிக்க அரசு ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட முறை அது. ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எடை கொடுத்து, எல்லாம் ஒன்றாக ஓடாது என்ற நிகழ்தகவை வைத்து அளவு போடுவார்கள். அடுக்குமாடிக்கு அது சரி. நம் வீட்டில் தீபாவளி விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது நிகழ்தகவாவது ஒன்றாவது! சின்ன வீட்டுக்கு அந்த அட்டவணை வேண்டாம். லைனுக்கு இரண்டு குழாய் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அளவை விட முக்கியமான ஒன்று: மாடிக்கும் கீழுக்கும் ஒரே இறக்கத்தைப் போடாதீர்கள். மாடிக் குளியலறைக்கு ஒரு டீ விட்டுவிட்டு அதே குழாயைக் கீழே கொண்டுபோவது பிளம்பருக்கு லேசான வேலை. ஆனால் கீழே யாராவது கொல்லைக் குழாயைத் திறந்தால் மாடி ஷவர் நின்றுபோகும். கீழே இழுக்கிற உயரம் அதிகம், அது மேலே இருப்பதைப் பறித்துவிடும். டேங்கிலிருந்து ஒன்றேகால் இன்ச்சில் எடுத்து, மொட்டைமாடியிலேயே இரண்டாகப் பிரித்து, மாடிக்கு ஒரு இன்ச்சில் ஒன்று, கீழுக்கு முக்காலில் ஒன்று என்று தனித்தனியாக இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலேயே ஒரு வால்வு. நாளைக்குக் கீழே ஒரு வாஷர் மாற்ற வேண்டுமென்றால் மாடியில் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

அந்த வால்வை வாங்கும்போது உள்ளே பாருங்கள். ஒரு இன்ச் பால் வால்வு என்று கொடுப்பார்கள். உள்ளே உருண்டையின் துளை முக்கால் இன்ச்கூட இருக்காது. குழாயின் துளையும் உருண்டையின் துளையும் சமமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். டேங்கின் வாய்க்கும் அதேதான். டேங்கோடு வரும் இணைப்பு ஒரு இன்ச் என்றால் அதை விட்டுவிட்டு ஒன்றேகாலுக்குத் துளை போட்டுக்கொள்ளலாம். தலைமடையில் மடையை அடைத்துவிட்டு வாய்க்காலை அகலப்படுத்தி என்ன பயன்?

ரூமுக்குள் அரை இன்ச் இறக்குவதில் தவறில்லை, குழாய் வாயெல்லாம் அரை இன்ச்தானே. ஆனால் எங்கே இறக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குளியலறைக் கதவுக்கு மேலேயே அளவைக் குறைக்கிற ரெடியூசரைப் போட்டுவிட்டு, சுற்றிலும் மூன்று சுவரிலும் அரை இன்ச்சைச் சுற்றிவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. மீட்டருக்கு 19 சென்டிமீட்டர் என்ற எண்ணை நினைவில் வையுங்கள்: 5 மீட்டர் சுற்றினால் ஒரு மீட்டர் உயரம் போச்சு, மாடியில் கையிருப்பில் பாதி. சுவரோடு முக்காலைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே டீயிலிருந்து கடைசி ஒன்று இரண்டு அடி மட்டும் அரை இன்ச். ஃபிளஷ் டேங்குக்கும் வாஷ்பேசினுக்கும் அரை இன்ச்சே போதும். மெதுவாக நிரம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை.

குழாயின் பெயரும் அளவும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடையில் ஏமாறாமல் இருக்க. வெள்ளை யுபிவிசி ஷெட்யூல் 40 குழாயில் முக்கால் இன்ச் என்றால் உள்விட்டம் 21 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். ஷெட்யூல் 80 என்றால் சுவர் கனம் கூடி 19க்குக் கீழே. சிபிவிசியில் அதே முக்கால் இன்ச், எஸ்.டி.ஆர். 11 வகையில் (வெளிவிட்டம் சுவர் கனத்தைப் போல 11 மடங்கு), 18 மில்லிமீட்டர்தான். அதிகம் ஏமாற்றுவது பிபிஆர், அந்தப் பச்சைக் குழாய். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அதில் 20 என்றால் வெளிவிட்டம் 20. கனமான வகையில் உள்ளே 13 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். 25 என்றால் உள்ளே 17க்கும் கீழே. 25ஐ முக்கால் இன்ச்சுக்குச் சமம் என்று கடையில் சொல்வார்கள். டேங்க் உயரத்தை மட்டும் நம்பியிருக்கிற வீட்டுக்கு அந்தச் சமம் செல்லாது. பிபிஆர் போடுவதானால் ஓர் அளவு ஏற்றிப் போடுங்கள். இரண்டு குழாயின் வெட்டுமுகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். அட்டவணையே வேண்டாம்.

வெள்ளை யுபிவிசியை வெந்நீர் லைனில் எக்காரணத்தைக்கொண்டும் சேர்க்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் அது தாங்காது. சிபிவிசி 90 டிகிரிக்குச் சற்று மேல் வரை தாங்கும், ஆனால் சூடு ஏற ஏற அழுத்தம் தாங்குகிற வலு குறையும்: எஸ்.டி.ஆர். 11 குழாய் சாதாரணச் சூட்டில் 28 கிலோ தாங்கும், 82 டிகிரியில் 7 கிலோதான். நம் டேங்க் தருகிற அரை கிலோவுக்கு அதுவே எதேஷ்டம். இரண்டுக்கும் ஒட்டுகிற சொல்யூஷன் வேறு வேறு. ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒட்டுகிறவரைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். சொல்யூஷனைக் குழைத்து உள்ளே அப்பினாலும் வம்பு. அரை இன்ச்சின் உள்ளே ஒரு கட்டி நின்றுவிட்டால் அது கால் இன்ச் குழாய்தான்.

இனி வெந்நீர். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் சொந்த வீட்டில், ஊருக்கெல்லாம் வேலை செய்கிறவன் நம் வீட்டில் குறை வைக்கலாமா என்ற கெத்தில், சோலாரிலிருந்து குளியலறை வரை ஒரு இன்ச் சிபிவிசி இறக்கினேன். 14 மீட்டர். ஒரு இன்ச் குழாய் மீட்டருக்கு 430 மில்லிலிட்டர் பிடிக்கும், ஆக லைனுக்குள்ளேயே 6 லிட்டர் தண்ணீர் ஆறிப்போய் நிற்கும். காலையில் குழாயைத் திறந்தால் அந்த 6 லிட்டரும் வந்து முடிந்த பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கும். ஒரு நிமிடத்துக்கும் மேல். குளித்து முடித்தால் இன்னொரு 6 லிட்டர் வெந்நீர் குழாய்க்குள் நின்று வீணாக ஆறும். என் மனைவி கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு, ஒரு குடத்தை அங்கேயே வைத்து அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கொல்லையில் கறிவேப்பிலைக்கு ஊற்ற ஆரம்பித்தார். மரம் இப்போது மாடி உயரம். பிறகு லைனை முக்காலுக்கு மாற்றினேன். மீட்டருக்கு 260 மில்லி, காத்திருப்பு ஏறக்குறைய பாதியானது.

வெந்நீர் லைனில் தடிமனுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அப்போதுதான் கற்றேன். பச்சைத்தண்ணீரில் குழாய் பெருத்தால் போவது காசு மட்டும். வெந்நீரில் காசோடு சூடும் நேரமும் தண்ணீரும் போகும். தவிர, வெந்நீரின் தேவையே குறைவு. குளிக்கிற தண்ணீரில் பாதி பச்சைத்தண்ணீர்தான் கலக்கிறோம். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் போதும். அந்த ஓட்டத்தில் முக்கால் இன்ச் மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்கூடத் தின்னாது. அரை இன்ச் ஐந்தரை சென்டிமீட்டர் தின்னும்.

ஆகவே மாடிக் குளியலறைக்கு வெந்நீர் முக்காலில், வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலக்கிற மிக்சர் குழாய் வரை. கீழ்த்தளத்துக்குச் சோலாரிலிருந்தே கொண்டுபோவதானால் அரை இன்ச்சே போடலாம். உயரம் கையில் இருப்பதால் நஷ்டத்தைத் தாங்கும், மீட்டருக்கு 120 மில்லிதான் என்பதால் வெந்நீர் சீக்கிரம் வந்து சேரும். ஒரு இன்ச் எங்கேயும் வேண்டாம். என்னைக் கேட்டால், கீழ்த்தளத்துக்குச் சோலார் லைனே வேண்டாம், அங்கே ஒரு கீசர் மாட்டிவிடுங்கள். கீசருக்கும் குழாய்க்கும் நடுவே 4 அடிதான். 20 மீட்டர் லைன் போட்டு, அதற்குக் கறுப்பு நுரை உறை மாட்டி, அது வெயிலில் நைந்து, மறுபடி மாற்றி... அந்தச் செலவில் கீசரே வந்துவிடும். சின்ன மூன்று லிட்டர் கீசர் வாங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 3 கிலோவாட் சுருள், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 14 டிகிரிதான் ஏற்றும். மார்கழியில் பாட்டி குளிக்க அது காணாது. 15 லிட்டர் வாங்குங்கள்.

சோலார் வைப்பதானால் டேங்க் தூணை மூன்றடியில் நிறுத்தக் கூடாது. நம் வீடுகளில் வைக்கிற அழுத்தமில்லாத சோலார் தொட்டி, பச்சைத்தண்ணீர் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் நிரம்பும். சோலாரின் தாங்கியே ஓர் ஆள் உயரம் வரும். படிக்கட்டு அறையின் கூரைமேல் டேங்கை ஏற்றிவிட்டால் இரண்டும் தீரும். மொட்டைமாடியிலிருந்து 8 அடி உயரம் கிடைத்தால் மாடி ஷவரின் கையிருப்பு 2 மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டராகிறது. குழாயை எவ்வளவு தடித்துப் போட்டாலும் இந்த ஒன்றரை மீட்டர் கிடைக்காது. கட்டுகிற நேரத்திலேயே மேஸ்திரியிடம் சொல்லிக் கூரையில் கம்பியைக் கூட்டிக் கட்டச் சொல்லுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன்.

சோலார் தொட்டியின் மேலே காற்றுக்குழாய் ஒன்று நிற்கும். அது பச்சைத்தண்ணீர் டேங்கின் நிறைமட்டத்தையும் தாண்டி உயர வேண்டும். குட்டையாக விட்டால் டேங்க் நிரம்பும்போதெல்லாம் அதன் வழியே தண்ணீர் வழியும். வழிகிறதே என்று யாராவது அதை மூடிவிட்டால் தொட்டியே நெளிந்துபோகும்.

காற்று என்றதும் இன்னொன்று. உயரத்தை நம்பி ஓடுகிற வெந்நீர் லைன் எங்கேயும் ஏறி இறங்கக் கூடாது. கதவு நிலைக்கு மேலே ஏறி, மறுபடி இறங்கி, ஜன்னலுக்கு மேலே ஏறி என்று போனால் ஒவ்வொரு மேட்டிலும் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீரிலிருந்து காற்றுக் குமிழி பிரிந்துகொண்டே இருக்கும், அதனால் வெந்நீர் லைனில்தான் இது அதிகம். "குழாய் நல்லாத்தான் இருக்கு, காலையில மட்டும் வெந்நீர் வரமாட்டேங்குது" என்று கூப்பிட்டுப் போன வீடுகளில் பாதி இதுதான். டேங்கிலிருந்து ஒரே சரிவாக இறங்கட்டும்.

மிக்சரில் சூடு ஒத்துவராத தொல்லைக்கும் குழாய் அளவே காரணம். பச்சைத்தண்ணீர் ஒரு வழியில் தாராளமாக வர, வெந்நீர் பக்கம் கீசருக்குள் போய், வால்வைத் தள்ளிக்கொண்டு, சுற்றி வந்து மெலிந்துபோய்ச் சேரும். கைப்பிடியை இம்மி திருப்பினால் ஜில், இம்மி எதிர்ப்பக்கம் திருப்பினால் கொதி. இதற்கு மருந்து, கீசருக்குள் போகிற தண்ணீரையும் ஷவருக்குப் போகிற பச்சைத்தண்ணீரையும் ஒரே டீயில் பிரிப்பது. அப்போது யாராவது ஃபிளஷ்ஷை இழுத்தாலும் இரண்டும் சேர்ந்தே குறையும், உடம்பு வெந்துபோகாது. ஃபிளஷ் டேங்குக்கான கிளையை அந்த டீக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கீசர் வாயில் ஸ்பிரிங் வைத்த திருப்பித்தடுப்பு வால்வு இருந்தால் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளவே கொஞ்சம் உயரம் செலவாகும். கீசரோடு கம்பெனி கொடுக்கிற பாதுகாப்பு வால்வு இருக்கும்போது இன்னொன்றைத் தனியாகச் சேர்க்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் இந்தப் பக்கத்தில் பலருக்கும் உதவும் என்பதால் அக்ரஹாரத்து வீடு ஒன்றின் கதை. திருவையாற்றுப் பக்கம், ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று கொல்லை வரை நீண்டுகொண்டே போகும், அகலம் மட்டும் ஒரு வண்டி நிற்கிற அளவு. ஓட்டின்மேல் டேங்க் வைக்க முடியாது, அதனால் கொல்லையில் தூண் எழுப்பி வைத்திருந்தார்கள். முழங்கால் வலி வந்த பாட்டிக்காக ரேழி ஓரத்தில் குளியலறை கட்டினார்கள். யாரோ 80 அடிக்கும் அரை இன்ச்சையே இழுத்திருந்தார். பக்கெட் நிரம்ப 5 நிமிடம். பிரஷர் பம்ப் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது போனேன். முற்றத்து ஓரமாக ஒரு இன்ச் லைன் ஒன்றைப் புதிதாக இழுத்து, குளியலறைக்குள் இருந்த அரை இன்ச்சை அப்படியே விட்டுவிட்டுச் சேர்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் பக்கெட் நிரம்பியது. பாட்டி சொம்பை வைத்துக்கொண்டு, "இவ்வளவு வேகம் எனக்கு எதுக்குடா, தெறிக்கறது" என்றார்.

அந்த வீட்டில் பழைய லைன் தரையில் புதைத்தது. நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். அந்த இழுப்பில் ஜாயின்ட் விட்டுவிடும். தரையில் புதைப்பதானால் கீழும் மேலும் ஆற்றுமணல் போட்டு அதன் நடுவே குழாய் கிடக்கட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத்தண்ணீர் போர் என்றால் இரும்புக் குழாயை நினைக்கவே வேண்டாம், உள்ளே துரு பிடித்து ஒரு இன்ச் அரை இன்ச்சாகிவிடும். வெயில் படுகிற இடத்தில் சிபிவிசிக்குத் தண்ணீரில் கரைகிற பெயின்ட் வெளிர்நிறத்தில் ஒரு கை அடித்துவிடுங்கள். சித்திரை மத்தியானம் மொட்டைமாடியில் ஓடுகிற எல்லா லைனும் வெந்நீர் லைன்தான், அது வேறு விஷயம். வெந்நீர் லைனைச் சுவரோடு இறுக்கிக் கட்டவும் வேண்டாம்: 30 டிகிரி சூடேறினால் 10 மீட்டர் சிபிவிசி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் எல்போவில்தான் விரிசல் விழும்.

பிரஷர் பம்ப் வைத்துவிட்டால் குழாய் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாமே என்று கேட்பார்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறிய பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் கரன்ட் இல்லை என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, தெருவில் வரிசையாக ஒவ்வொரு வீட்டு டேங்கையும் நிரப்பிவிட்டுப் போனார்கள். டேங்க் நிரம்பிய வீட்டிலெல்லாம் குழாயில் தண்ணீர் வந்தது. பம்ப்பை நம்பி மெல்லிய குழாய் போட்டவர்கள் வீட்டில் மாடிக் குழாய் சொட்டியதோடு சரி. உயரத்துக்கு ஏற்ற குழாயைப் போட்டுவிட்டு, அகலமான மழை ஷவர் மாதிரி ஏதாவது ஆசைப்பட்டால் மாடி லைனுக்கு மட்டும் ஒரு சின்ன பம்ப், கரன்ட் இல்லாதபோது பம்ப்பைச் சுற்றித் தண்ணீர் வர ஒரு பக்கவழியோடு. வாஷிங் மெஷினைக் கீழே வையுங்கள்; பெரும்பாலான மெஷினுக்கு 0.3 பாராவது வேண்டும், மாடியில் மூன்றடித் தூணை வைத்துக்கொண்டு அதைத் தருவது கஷ்டம்.

பூச்சுக்கு முன்பு ஒரு நாள் பொறுங்கள். காடி வெட்டிக் குழாய் பதித்ததும், முதலில் எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, கையால் அடிக்கிற டெஸ்ட் பம்ப்பை வைத்து அழுத்தம் ஏற்றி, ராத்திரி முழுக்க முள் இறங்குகிறதா என்று பாருங்கள். மறுநாள் டேங்கில் தண்ணீர் ஏற்றி, மாடி ஷவர் வாயின் பிளக்கை மட்டும் கழற்றி, அதற்குக் கீழே 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அப்போது டேங்கில் தண்ணீர் கால்வாசிதான் இருக்கட்டும். இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பினால் கொத்தனாரைப் பூசச் சொல்லலாம். நிரம்பாவிட்டால் எங்கே அரை இன்ச்சை இறக்கியிருக்கிறார் என்று சுவரோடு நடந்து தேடுங்கள், குழாய் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற நேரத்திலேயே.